பால் பத்தவில்லையோ என்ற கவலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா நாட்டுத் தாய்மார்களுக்கும் இந்தக் கவலை வருமா?

வரும். தாய்ப்பாலைச் சீக்கிரமே நிறுத்திவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், வசதியான நாடோ வசதியற்ற நாடோ, அடிக்கடி கிடைக்கும் பதில் 'பால் பத்தவில்லை' என்பதுதான். மாறுவது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிரேசிலில் 'என் பால் வலுவில்லாத பால்' என்பார்கள். அளவு இருக்கிறது, சத்து இல்லை என்று பொருள். மெக்சிகோவில் திடீர்ப் பயமும் கோபமும் பாலைக் கெடுக்கும், வற்றவைக்கும் என்ற நம்பிக்கை உண்டு. தெற்காசியாவிலும் மத்திய கிழக்கிலும் பழி கண்ணேறு மேல் விழும். இன்றைய பெருநகரங்களில் பால் எடுக்கும் பம்பில் விழுந்த மில்லி கணக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கவலையைக் கிளப்பும் காட்சி மட்டும் எங்கும் ஒன்றே. குடித்து அரை மணிகூட ஆகவில்லை, குழந்தை மறுபடி அழுகிறது. மார்பு முன்போல் கனக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் 'பாவம், பசிக்குது போல' என்கிறார்.

அப்படியானால் இது வெறும் பயம்தானா?

அப்படிச் சொல்லித் தாயை அனுப்பிவிடுவது தவறு, சில நேரம் ஆபத்து. மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பால் போதுமான அளவு இருந்தும் இல்லை என்று தோன்றுவது முதலாவது, இதுதான் மிகுதி. இரண்டாவது, உடல் காரணத்தால் உண்மையாகவே சுரப்பு குறைவாக இருப்பது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: போதுமான பால் இருந்தபோது பயந்து புட்டி தொடங்கி, அதனால் மார்பில் உறிஞ்சுவது குறைந்து, பத்துப் பதினைந்து நாளில் சுரப்பு நிஜமாகவே இறங்கிவிடுவது. அப்போது 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று எல்லோருக்கும் தோன்றும். விளைவு காரணமாகிவிட்டது யார் கண்ணிலும் படாது.

இது ஆய்வாளர்களிடையேயும் சர்ச்சையாக இருந்ததுதான். 1980இல் ஜூடித் கஸ்லரும் லிண்டா பிரீஸ்மைஸ்டரும், தாயும் சேயும் பிரிந்திருப்பதும் இடைவெளி விட்டுப் பால் கொடுப்பதும்தான் உலகெங்கும் கேட்கும் இந்தப் புகாரின் வேர் என்று எழுதினார்கள். சீக்கிரமே புட்டி தொடங்குவதுதான் வேர் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. ஒரு தாயின் வீட்டில் இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதால், எது முதல் என்று சண்டை போடுவதில் அவளுக்குப் பயனில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு பால் வேண்டும்?

தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்த 71 குழந்தைகளை மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் ஒவ்வொரு முறை பால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை போட்டு அளந்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவு: 24 மணி நேரத்துக்குச் சராசரி 788 கிராம். குறைந்தபட்சம் 478, அதிகபட்சம் 1356. குடித்த தடவை நாளுக்கு 6 முதல் 18 வரை. ஒரு குழந்தை 7 தடவையில் முடிப்பதை இன்னொன்று 15 தடவையில் முடிக்கிறது, இரண்டும் நலம். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள். மார்பில் இருந்த பாலில் சராசரியாக 67 விழுக்காட்டையே குழந்தைகள் எடுத்தன. மார்பு காலியாகும்வரை அவை குடிக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையே நாளளவு பெரிதாக ஏறவும் இல்லை. 'பிள்ளை வளர்ந்துவிட்டான், இனி உன் பால் காணாது' என்ற பேச்சு இந்த அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை.

பிரசவமாகி இரண்டு நாளாகியும் பால் வரவில்லையே?

வந்துகொண்டுதான் இருக்கிறது, சீம்பாலாக. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி, இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 மில்லி. ஆரோக்கியமான குழந்தை குடிப்பது அவ்வளவே. நஞ்சுக்கொடி வெளியேறியதும், அதுவரை பால் பெருகாமல் தடுத்துவந்த புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கும். அதன் பிறகு 30 முதல் 72 மணி நேரத்தில் மார்பு நிறையும். முதல் பிரசவம், அறுவைப் பிரசவம், சர்க்கரை நோய், அதிக உடல் எடை, நிறைய இரத்தப்போக்கு இவற்றில் 72 மணி தாண்டுவதும் உண்டு.

தெற்காசியா, ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, 'நல்ல பால்' வரும்வரை தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பது வழக்கமாக இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நோய் எதிர்ப்புப் பொருள் நிறைந்த பாலை இழப்பது ஒரு கேடு. மார்பு உறிஞ்சப்படாமல் இருக்கும் அந்த மூன்று நாள் பின்னால் வரும் சுரப்பையும் பாதிக்கும். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

போதுகிறது என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

இரண்டே சாட்சிகள்: கழிவும் எடையும்.

முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீர் ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்துக்கு ஆறு தடவைக்கு மேல் போக வேண்டும். நிறம் வெளிறியிருக்க வேண்டும். டயப்பர் போட்டால் நனைந்தது தெரியவில்லை என்பவர்கள் புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லி, தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்தது என்றால் அந்தக் கனம். முதல் இரண்டு நாள் செங்கல் பொடி போன்ற கறை படுவது சாதாரணம். நான்காம் நாளுக்குப் பிறகும் அது தெரிந்தால் பால் உள்ளே போகவில்லை என்று பொருள்.

மலம் கருப்பிலிருந்து பச்சையாகி, நான்கு ஐந்தாம் நாளில் மஞ்சளாக வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு தடவை. ஆறு வாரத்துக்குப் பிறகு சில குழந்தைகள் பல நாளுக்கு ஒருமுறைதான் போவார்கள். எடை ஏறினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்தாம் நாளிலும் மலம் கருப்பாகவே இருந்தால் அது எச்சரிக்கை.

எடையில், முதல் சில நாளில் 7 விழுக்காடு வரை இறங்குவது எதிர்பார்த்ததே. அதைத் தாண்டினால் பால் கொடுக்கும் முறையை ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். 10 விழுக்காட்டைத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். எப்போதும் ஒரே தராசு, உடையில்லாமல். தினம் எடை போட்டால் பயம்தான் ஏறும். சந்தேகமான குழந்தைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும்.

எந்த அடையாளங்கள் ஏமாற்றும்?

மார்பு தளர்ந்து மென்மையாவது. ஆறு வாரம் வாக்கில் சுரப்பு குழந்தையின் தேவையோடு ஒத்துப்போய்விடும். பால் கட்டும் கனம் போகும், ஒழுகுவது நிற்கும். பால் போய்விட்டது என்று தாய்மார் கலங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பம்பில் வந்த அளவும் சான்றல்ல. நன்றாகக் குடிக்கும் குழந்தை எடுப்பது வேறு, இயந்திரம் எடுப்பது வேறு. 'குடித்த பிறகும் புட்டி கொடுத்தால் 60 மில்லி குடிக்கிறானே' என்பதும் சான்றல்ல. புட்டி வாயில் வைத்ததும் பால் தானாக வழியும்; சப்புவது அனிச்சைச் செயல் என்பதால் நிறைந்த வயிற்றோடும் விழுங்குவான்.

மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் மார்பைத் தேடுவது, இரண்டு மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் திடீரென்று அடிக்கடி குடிப்பது இரண்டும் சாதாரணம். அழுகை முதல் இரண்டு மாதத்தில் உச்சம் தொட்டுப் பின் இறங்கும். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்துக் குங் மக்கள் குழந்தையை நாள் முழுக்க உடம்போடு சுமந்து, மணிக்குப் பல தடவை ஓரிரு நிமிடம் பால் கொடுத்துவந்தவர்கள். அங்கேயும் அழுகை அதே பருவத்தில்தான் கூடியது. ஒவ்வொரு அழுகையும் நீடித்தது மட்டும் குறைவு.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் பால் நன்றாக நிறையுமே?

நிறையும், பிறகு குறையும். மார்பில் பால் தேங்கத் தேங்க அந்தத் தேக்கமே சுரப்பை மந்தப்படுத்தும். எடுக்க எடுக்க வேகம் கூடும். இது ஒவ்வொரு மார்பிலும் தனித்தனியே நடப்பதால்தான் ஒரு பக்கம் மட்டும் வற்றுவதும் உண்டு. நியூசிலாந்தில் 1907இல் தாய்சேய் நலத்துக்கான பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், நான்கு மணி நேர இடைவெளி, இரவில் பால் கிடையாது என்ற ஒழுங்கை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரப்பினார். மார்பு ஒரே நேரத்தில் தேக்கிவைக்கும் பாலின் கொள்ளளவு பெரிதாக உள்ளவர்களுக்கு அது ஒத்துவரலாம். சிறிய கொள்ளளவு உள்ள தாய்க்கு அதே அட்டவணை பாலை நிறுத்தும் வழி. முதல் மாதங்களில் 24 மணி நேரத்துக்கு 8 முதல் 12 தடவை, இரவு உட்பட, அழுவதற்கு முன்பே கையைச் சப்பும்போதும் வாயைத் திறந்து தேடும்போதும் கொடுப்பதுதான் அட்டவணை.

அடிக்கடி கொடுத்தும் எடை ஏறவில்லை. எங்கே கோளாறு?

முதலில் குழந்தை பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். குழந்தையின் வயிறு தாயின் உடம்போடு ஒட்ட வேண்டும். தலை மட்டும் திரும்பி இருக்கக்கூடாது. மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, தாடை முதலில் மார்பில் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பிடித்தால் காம்பைச் சுற்றிய கருவளையம் மேலுதட்டுக்கு மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரியும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும். பால் இறங்கியதும் ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் கேட்கும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கும். வெளியே எடுக்கும்போது நசுங்கிச் சாய்வாக இருக்கும். மணிக்கணக்காகச் சப்பியும் பால் போகாது.

விழுங்குவது நின்று சும்மா சப்பும்போது மார்பைக் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பால் இறங்கி மறுபடி விழுங்குவான். அதுவும் நின்றால் அடுத்த பக்கம், பிறகு திரும்ப முதல் பக்கம். மஞ்சள் காமாலை உள்ள குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளும் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடும். பசிக்கு எழுந்திருக்கும் என்று காத்திராமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உடல் காரணங்கள் என்னென்ன?

நஞ்சுக்கொடித் துண்டு கருப்பையில் தங்குவது (இரத்தப்போக்கு நிற்காது, மார்பு நிறையாது), பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாவது, தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, மார்பில் முன்பு செய்த அறுவை, குறிப்பாகக் கருவளையத்தைச் சுற்றி வெட்டியது. சிலருக்குப் பால் சுரக்கும் திசுவே குறைவு: இரண்டு மார்புக்கும் இடையே அகலமான இடைவெளி, குழாய் போன்ற வடிவம், கர்ப்பத்தில் அளவு மாறாதது இவை குறிகள். சிறிய மார்பு என்பது குறியல்ல; அளவைத் தருவது கொழுப்பு.

கேட்க மறக்கும் காரணங்கள்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை, புகை, மறுபடி கர்ப்பம்.

எதைச் சாப்பிட்டால் பால் ஊறும்?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பதில் உண்டு. சீனாவில் பன்றிக்கால் சூப், கொரியாவில் கடற்பாசி சூப், பிலிப்பைன்ஸில் முருங்கைக்கீரை, நேபாளத்தில் ஓமம் போட்ட சூப், மெக்சிகோவில் சோளக் கஞ்சி, தமிழர் வீடுகளில் பூண்டும் சுறாப்புட்டும், ஐரோப்பாவில் பீர். வாய்வழி உண்ணும் பால்பெருக்கிகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 41 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சில மூலிகைகளும் உணவுகளும் அளவைக் கூட்டலாம், ஆனால் சான்று மிகவும் பலவீனம், எது சிறந்தது என்று சொல்ல முடியாது என்பதே முடிவு.

எங்கள் கருத்து: பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் பால் எடுக்கும் வேலைக்கு அதை மாற்றாக நினைக்காதீர்கள். பல நாட்டுப் பழக்கங்களில் தாய்க்கு நிஜமாகக் கிடைப்பது வேறொருவர் சமைத்த சூடான சாப்பாடும் குழந்தையோடு படுத்திருக்க ஒரு மாதமும்தான்.

கவனம் தேவைப்படுபவை சில. கடற்பாசி சூப்பைத் தினம் பல வேளை குடித்தால் அயோடின் மிகுந்து குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம். வெந்தயத்தை மாத்திரையாக அதிகம் எடுத்தால் சர்க்கரை இறங்கலாம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். இந்தோனேசியாவில் பாலுக்காகச் சமைத்துத் தின்னும் 'காத்துக்' (katuk) என்ற கீரையை, 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காகப் பச்சையாகச் சாறு பிழிந்து குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது. பீரில் உள்ள மது பால் இறங்குவதைத் தடுக்கும். ஆய்வாளர் ஜூலி மென்னெல்லாவின் சோதனைகளில், தாய் மது குடித்த பிறகான சில மணி நேரங்களில் குழந்தைகள் குறைவாகவே குடித்தன.

நான் சரியாகச் சாப்பிடாததால்தான் பால் தண்ணீர்போல இருக்கிறதா?

இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் கெனேபா கிராமத்தில், குறைந்த உணவில் பால் கொடுத்துவந்த தாய்மாருக்கு 1970களின் இறுதியில் சத்து பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மாருக்கு நல்லது, பால் அளவு ஏறவில்லை. கடும் பட்டினி தவிர மற்றபடி உடல் தன் கையிருப்பிலிருந்து பாலுக்குக் கொடுத்துவிடும். நாளுக்கு 500 கலோரி வாக்கில் கூடுதலாகச் சாப்பிடச் சொல்வது உங்கள் உடம்புக்காக. தண்ணீரும் தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் கணக்கில் குடிப்பதால் பால் கூடாது. பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

தண்ணீர் நிறத்தில் தெரிவது முதலில் வரும் பால். மார்பு காலியாக ஆகக் கொழுப்பு கூடிப் பால் வெளுத்துக் கெட்டியாகும். வெகுநேரம் கொடுக்காமல் விட்டால் முதல் பால் இன்னும் நீர்த்துத் தெரியும்.

பயந்தால், கோபப்பட்டால் பால் நின்றுவிடுமா?

நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. சுரப்பது வேறு, இறங்குவது வேறு. இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். வலியும் அதிர்ச்சியும் அதை அடக்கும். 1948இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் தம்பதியர் பால் கொடுக்கும் ஒரு தாயின் கால்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தும், கால் விரலை வலிக்க இழுத்தும் பார்த்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் ஏறக்குறைய முழு அளவும் வந்தது. பால் உள்ளேதான் இருந்திருக்கிறது. கெட்டும் போகவில்லை. பயந்த நாளில் குழந்தையைத் தள்ளி வைக்காமல், வெறும் மார்பில் தோலோடு தோல் படப் போட்டுக்கொண்டு, மார்பை இளஞ்சூட்டில் ஒத்தி மறுபடி கொடுத்தால் இறங்கும்.

சுரப்பைக் கூட்ட வீட்டில் என்ன செய்யலாம்?

குழந்தை குடித்து முடித்ததும் இரண்டு பக்கமும் 10 முதல் 15 நிமிடம் பீய்ச்சுங்கள். குழந்தை மார்பில் குடிக்கவே இல்லையென்றால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். இரவில் ஒரு தடவையாவது கட்டாயம். நாளில் ஒரு மணி நேரம் இப்படியும் செய்யலாம்: 20 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப். பலன் தெரிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். இரண்டாம் நாளே கைவிடாதீர்கள்.

பம்பில் பால் திடீரென்று குறைந்தால் உங்களைச் சந்தேகிக்கும் முன் வால்வைச் சந்தேகியுங்கள். அந்தச் சிறு ரப்பர் துண்டு தளர்ந்தாலே இழுவை போய்விடும். தினம் பல தடவை பயன்படுத்துபவர்கள் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புனலின் குழாய் காம்பின் விட்டத்தைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். கருவளையமும் சேர்ந்து உள்ளே போனால் பெரிது. காம்பு உரசினால் சிறிது. இழுவையை வலி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் அழுத்திவிட்டு, கடைசியில் கையால் பீய்ச்சினால் பால் கூடுதலாக வரும்.

மருந்து இதற்கெல்லாம் பிறகுதான். டோம்பெரிடோன் என்ற மருந்து, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்தது. கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை அல்ல.

'ஒரு வேளை பவுடர் பால் கொடு' என்கிறார்கள். கொடுக்கலாமா?

எடையும் சிறுநீரும் சரியாக இருந்தால் தேவையில்லை. அந்த இரண்டு எண்களையும் சொல்பவரிடம் காட்டுங்கள், வாதம் சுருங்கும். எடை இறங்கினால் தயங்காமல் கொடுங்கள். பசித்த குழந்தைக்கு உறிஞ்சவும் பலம் இராது.

வரிசை: பீய்ச்சிய உங்கள் பால், கிடைத்தால் தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய தானப் பால், பிறகு பவுடர். முதல் நாட்களில் மேலே சீம்பாலுக்குச் சொன்ன அளவே போதும். முதல் வாரத்துக்குப் பிறகு முழு நாளின் தேவை கிலோவுக்கு 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600. இதில் மார்பில் கிடைப்பது போக மீதியை மட்டும் மருத்துவர் கணக்கிட்டுத் தருவார். பவுடரை டப்பாவில் சொன்ன அளவில் கலக்குங்கள். சிக்கனத்துக்காக நீர்க்கக் கலப்பது குழந்தையை மெலியவைக்கும். பாலாடை, கிண்ணம், அல்லது மார்பின்மேல் ஒட்டிய மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கலாம். புட்டியானால் அந்தப் புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, இடையிடையே நிறுத்தி. கொடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒருமுறை பீய்ச்ச வேண்டும். அதை விட்டுவிட்டால் முன்னால் சொன்ன மூன்றாவது நிலைமைதான்.

பவுடர் விளம்பரங்கள் தாயின் சந்தேகத்தைக் குறிவைப்பவை என்பதால்தான் 1981இல் உலக சுகாதாரப் பேரவை அவற்றைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை ஏற்றது. எட்டு நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பு 2022இல் வெளிவந்தபோது, பெற்றோரிலும் கர்ப்பிணிகளிலும் 51 விழுக்காட்டினரை அந்த விளம்பரம் எட்டியிருந்தது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

எழுப்பியும் எழாத மந்தம், முதல் சில நாட்களுக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, குழிந்த உச்சிக்குழி, வறண்ட வாய், கால்வரை பரவிய மஞ்சள், காய்ச்சல். அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருக்கும் எடை குறைந்த குழந்தை 'நல்ல பிள்ளை' அல்ல.

எல்லாம் செய்தும் முழு அளவு வரவில்லை என்றால்?

வருகிற அளவைக் கொடுங்கள். நாளுக்கு 100 மில்லி என்றாலும் அதில் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. மார்பு முதலில், மீதி பிறகு என்பது ஒரு முறை. புட்டியில் பசி அடங்கியபின் ஆறுதலுக்கு மார்பு என்பது இன்னொரு முறை. பால் குறைவான மார்பில் கோபப்பட்டு முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கு இது பொருந்தும். கொடுப்பது, மீதி ஊட்டுவது, பீய்ச்சுவது என்ற சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் தூக்கமே இராது. முதலில் இரவுப் பம்பைக் குறையுங்கள். சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்கும் மருத்துவர் வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் சுரக்கும் திசு மேலும் வளரும் என்பதால் இரண்டாம் குழந்தைக்குப் பால் கூடுதலாக வருவது உண்டு. இந்த முறை எந்த நாளில் எவ்வளவு வந்தது என்று குறித்து வைத்திருந்தால் அப்போது மருத்துவரிடம் காட்டலாம்.